கை மறிக்காத பந்தி

கையில் உறையும் தலையில் வலைத்தொப்பியும் போட்டுக்கொண்டு கல்யாணச் சமையலுக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். உங்கள் உறையையும் தொப்பியையும் நான் கேலி செய்யப் போவதில்லை. எங்கள் காலத்தில் அண்டாவுக்குள் என்னென்ன விழுந்தன என்று சொல்ல ஆரம்பித்தால் கேலி திரும்பி என் பக்கம்தான் வரும்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் கவலைப்படுவதில் மட்டும் மேல்படிப்பு வரைக்கும் போயிருக்கிறேன். கும்பகோணத்தைச் சுற்றி நான் அடுப்பு மூட்டாத ஊர் குறைவு. ஒரு இடத்திலாவது நிம்மதியாக மூட்டினேன் என்று சொல்ல முடியாது. மழை வந்துவிடுமோ, பால் திரிந்துவிடுமோ, பாயசத்துக்கு மேலே காக்கா பறக்குமோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வத்தை வேண்டிக்கொள்வேன். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்றால் இன்னும் மோசம். மாலையோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரை அடிக்கடி எட்டிப் பார்ப்பேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவ்வளவு சாப்பாட்டை என்ன செய்வது என்ற கவலை. ஆயுள் விருத்திக்காக நடக்கிற விசேஷம் அது. என்னைப் போல ஒருவன் அங்கே அடுப்படியில் இருந்தது சாமிக்குத் தெரிந்திருந்தால் விரட்டியிருக்கும்.

இப்படிப்பட்டவனுக்குப் பசிக்காது. விசேஷ நாளில் கடைசிப் பந்தி எழுந்திருக்கும் வரைக்கும் என் வயிறு செத்த மாதிரி கிடக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சமைக்க யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். சாப்பிட உட்கார்ந்தவர் எப்போது கை மறிப்பார் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் வித்தை. இலைக்கு மேலே உள்ளங்கையை விரித்துக் கொஞ்சம் குனிந்து, "போதும், போதும்" என்பார்களே, அந்தக் கையை நம்பித்தான் நாம் அரிசி களைகிறோம். கை சீக்கிரம் வந்தால் மிச்சம். தாமதமாக வந்தால் மானம் போச்சு.

என்னை வளர்த்த மாஸ்டர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்கு ஊருக்கு ஒரு பெயர் இருந்தது. எதைச் சொன்னாலும் எங்கிருந்தாவது ஒரு குடும்பம் சண்டைக்கு வரும். அவர் கையை வரவழைக்க ஒரு வழி வைத்திருந்தார்.

"பருப்புல நெய்யை யோசிக்காம ஊத்துடா. நெஞ்சுல போய் ஒக்காந்துக்கும். சாம்பாரு வர்றப்பவே பாதிப் பேரு கையை நீட்டிருவான். பாக்கறவன் நம்மளைத் தாராளம்னு நெனைப்பான். அண்டாவுக்குத்தான் தெரியும் நாம யாருன்னு."

இந்த வழி எனக்குப் பல வருஷம் சோறு போட்டது. ஒரே ஒரு கல்யாணத்தில் காலை வாரியது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

கலியமூர்த்தி என்று ஒருவர். கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். அவருடைய அப்பா, தாத்தா எல்லாம் அந்த ஊர்ப் பண்ணையில் நாற்றுப் பறித்து நட்டு அறுத்தவர்கள். இவர் சின்ன வயதிலேயே துபாய்க்குப் போய் மண் சுமந்து, பிறகு கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டு, பல வருஷம் அங்கே ஆகாயத்தில் உட்கார்ந்து சம்பாதித்தார். ஊர் திரும்பி நிலம் வாங்கினார், மாடி வீடு கட்டினார், மகள் அமுதாவை டாக்டருக்குப் படிக்க வைத்தார். அந்த மகளுக்குத்தான் கல்யாணம்.

"மாஸ்டர், வீட்டு வாசல்லயே பந்தல். மூணு நாளும் அடுப்பு அணையக் கூடாது. பம்பாய்லேருந்து வர்றாங்க, திருப்பூர்லேருந்து வர்றாங்க, என்கூட துபாய்ல இருந்த பசங்க லீவு போட்டு வர்றானுங்க. எதுல பாத்தாலும் எண்ணெய் மெதக்கணும், நெய் மெதக்கணும்."

"அவ்வளவு மெதந்தா ஆளுங்களும் சேந்து மெதப்பாங்களேண்ணே."

"மெதக்கட்டும். எங்க வீட்டுல சாப்பிட்டவன் சோப்பு போட்டுக் கழுவுனாலும் கையில பிசுக்கு போகக் கூடாது."

சிரித்துக்கொண்டே சொன்னவர் குரலைத் தாழ்த்தினார். "பண்ணை வீட்டுக்கும் பத்திரிகை வெச்சிருக்கேன். பெரியவரே குடும்பத்தோட வர்றேன்னு சொல்லிட்டாரு. சாப்பிட்டுட்டுத்தான் போவேன்னும் சொல்லிட்டாரு."

"சந்தோஷம்தானே?"

"எங்க தெருவுல அவங்க இலை போட்டு ஒக்காந்ததே கெடையாது மாஸ்டர். பந்தல்காலோட நின்னு வாழ்த்திட்டுப் போயிருவாங்க. நாங்கதான் அவங்க வீட்டுல கொல்லைப்பக்கம் ஒக்காந்து, போட்டதைத் தின்னுட்டு வந்திருக்கோம். அன்னிக்கு ஏதாவது கொறைஞ்சுதுன்னா அவங்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. அதுதான் எனக்குப் பயம். பெரியவர் அவரு வாயால போதும்னு சொல்லணும். எனக்கு அது போதும்."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். கல்யாணத்துக்கு முந்தின இரண்டு நாளும் எண்ணெய்ச் சட்டி ஆறவே இல்லை. பாமாயில் டின் டின்னாக வந்தது, வனஸ்பதி கட்டி கட்டியாக உருகியது. காலையில் பூரி, மத்தியானம் நெய்ச்சோறு, சாயங்காலம் பஜ்ஜி, வடை, ராத்திரி பரோட்டா. வந்த சொந்தக்காரர்கள் வெற்றிலை போட்ட நேரம் போக மீதி நேரம் மென்றுகொண்டே இருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், முகத்தில் மஞ்சளோடு அமுதா அடுப்படிக்கு வந்தாள்.

"மாஸ்டர், மோர் இருக்கா?"

"கல்யாணப் பொண்ணு இங்கல்லாம் வரலாமா? உள்ள சொன்னா கொண்டாந்து குடுப்பாங்களே."

"உள்ள மோர் கேட்டா பஜ்ஜி குடுக்கறாங்க. தண்ணி கேட்டாலும் பஜ்ஜிதான் வருது."

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு சொம்பு மோரைக் குடித்தாள். பிறகு பந்தலைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். "எங்க பம்பாய் சித்தப்பாவைக் கவனிச்சீங்களா? வந்த அன்னிக்குப் பூரிக்குக் கை மறிச்சாரு. இன்னிக்கு மறிக்கவே இல்ல."

"ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சு."

"தண்ணி இல்ல மாஸ்டர். உங்க எண்ணெய்."

எனக்குச் சுருக்கென்றது. "எண்ணெய் வயித்தை அடைக்கும்மா. தொறக்குமா? என் மாஸ்டர் சொல்லிக் குடுத்ததே அதான்." நெய் வித்தையை அவளிடம் சொன்னேன். பெண் டாக்டர் என்பதால் தொழில் ரகசியத்தைச் சொல்வதில் தப்பில்லை என்று எண்ணினேன்.

"அவர் சொன்னது ஒரு வேளைக்குச் சரி. கொழுப்பு வயித்தைவிட்டு மெதுவாத்தான் எறங்கும், அதனால அந்த வேளை கனமா இருக்கும். ஆனா நாள் கணக்கா ஊத்துனா கதை மாறிரும். இன்சுலின் தெரியுமா?"

"சர்க்கரைக்காரங்க போட்டுக்கற ஊசி."

"அது எல்லார் உடம்புலயும் தானா சுரக்கும். சாப்பிட்டதும் ரத்தத்துல ஏறும், மூளைக்கும் போகும். 'சாப்பாடு வந்து சேந்துருச்சு, போதும்'னு மூளைகிட்ட சொல்ற ஆளுங்கள்ல அதுவும் ஒண்ணு. பாமாயில், வனஸ்பதி, நெய்னு கட்டியா உறையற கொழுப்பு தொடர்ந்து அளவுக்கு மேல போச்சுன்னா, மூளை அந்தச் சேதியைச் சரியா வாங்கிக்கறதில்ல. இன்சுலின் வந்து கதவைத் தட்டிக்கிட்டே நிக்கும். உள்ள இருக்கறவரு தூங்கிட்டிருப்பாரு."

"எல்லா எண்ணெயும் அப்படித்தானா?"

"ஒரே மாதிரி இல்லைங்கறாங்க. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மாதிரி உறையாதது அந்த அளவுக்குக் காதை அடைக்காது போல. இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்கு. ஆளுக்கு ஆளும் மாறும். மொதல்ல எலிக்குத்தான் குடுத்துப் பாத்தாங்க."

"எலிக்குக் கல்யாணச் சாப்பாடா?"

"ஆமா. மொய் எழுதாமத் தின்னுட்டுப் போச்சு."

சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். "நாளைக்குக் கொஞ்சம் கூடவே வடிங்க மாஸ்டர்."

நான் சிரித்து வைத்தேன். கவலைப்படுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு: தப்பான இடம் பார்த்துக் கவலைப்படுவான். அன்று ராத்திரி பந்தல் கீற்று பறந்துவிடுமோ என்று கவலைப்பட்டேன். ஐஸ்கிரீம் வண்டி சேற்றில் மாட்டுமோ என்று கவலைப்பட்டேன். பம்பாய் சித்தப்பாவின் மூளையைப் பற்றி மட்டும் துளிக் கவலை இல்லை. அவருக்கு அது இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் தாலி கட்டியாயிற்று. முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டார். அன்று காலையில்தான் வந்து இறங்கியவர்கள். பருப்பில் நெய் விழுந்தது. சாம்பார் வாளியைக் கண்டதும் கைகள் வரிசையாக நீண்டன. மாஸ்டரே மேலிருந்து ஆசீர்வாதம் செய்த மாதிரி இருந்தது. இரண்டாம் பந்தியில் வீட்டுச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில், பரிமாறும் ஆட்களுக்குத் தலைவனான சேகர் காலி வாளியோடு ஓடி வந்தான்.

"மாஸ்டர், ஒருத்தனும் கை மறிக்க மாட்டேங்கறான்."

"நெய் ஊத்துனியா?"

"குடிக்கறானுங்க மாஸ்டர். ஊத்துன எடத்துல காணோம்."

போய்ப் பார்த்தேன். பம்பாய் சித்தப்பா சோற்றில் பாத்தி கட்டிச் சாம்பாரைத் தேக்கி வைத்திருந்தார். ரசம் முடிந்த பிறகு, "தம்பி, மறுபடியும் அந்தச் சாம்பாரைக் கொண்டா" என்றார். தொழிலில் நான் அதுவரை கேட்டிராத வார்த்தை அது. பக்கத்தில் துபாய்க் கூட்டாளிகள் பொரியலை வாளியோடு வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. முகத்தில் அவ்வளவு வெள்ளந்தி. வயிறு நிறைந்த சேதி போய்ச் சேராத முகம். நம் ஊரில் ஆற்றில் தண்ணீர் வந்தும் கடைமடை காய்கிறதே, அது எப்படி என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மேலே இருக்கிறவன் வயலுக்குப் போதும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அடுப்படிக்குத் திரும்பினால் சோற்று அண்டாவின் அடி தெரிந்தது. சாம்பார் ஒரு வாளி தேறும். பொரியல், கூட்டு எல்லாம் வழித்தாயிற்று. அரிசி இருந்தது, ஆனால் உலை கொதித்து வடிக்க நேரம் ஆகும். காய்கறிக் கூடையில் கறிவேப்பிலைக் காம்பு தவிர ஒன்றும் இல்லை. முகூர்த்த நாள். கும்பகோணம் போய்க் காய் வாங்கி வருவதற்குள் அமுதாவுக்கு வளைகாப்பே வந்துவிடும்.

"உலையைப் போடு" என்று கத்தினேன். அதே நேரம் கலியமூர்த்தி வந்தார். பட்டு வேட்டி, முகமெல்லாம் வியர்வை.

"மாஸ்டர், வந்துட்டாங்க. பண்ணை வீட்டுக்காரங்க. மொத்தக் குடும்பமும். பெரியவர் மாத்திரை போடணுமாம். ஒக்கார வெச்சிரட்டுமா?"

சேகர் என் காதருகே வந்தான். "சாம்பார்ல ரெண்டு கொடம் வெந்நீரை ஊத்திரலாம் மாஸ்டர். கொஞ்சம் புளி, கொஞ்சம் உப்பு. எவனுக்குத் தெரியப்போவுது?"

தெரியும். பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். கலியமூர்த்தி பயந்தது அதைத்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என்னைப் போன்ற கவலைக்காரனை வைத்து எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் எங்களுக்கு எல்லா விபத்தும் மனசுக்குள் ஏற்கெனவே ஒரு தடவை நடந்து முடிந்திருக்கும். நிஜமாக நடக்கும்போது கை நடுங்காது. இதுதானா, வந்துட்டியா என்று இருக்கும். நான் நின்று யோசித்தேன். அமுதா சொன்னது அப்போதுதான் ஏறியது. பண்ணை வீட்டார் என் பாமாயிலை இதுவரை ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. அவர்கள் மூளையில் யாரும் தூங்கவில்லை. நிதானமாகச் சாப்பிட வைத்தால் கை தானாக வரும். எனக்கு வேண்டியது உலை கொதிக்கிற நேரம், இலையில் போட ஏதாவது காய்.

கண்ணை ஓட்டினேன். பந்தல் வாசலில் இரண்டு வாழை மரம், தாரும் பூவுமாகக் கட்டியிருந்தது.

"அண்ணே, அந்த வாழையை வெட்டிக்கறேன்."

"எந்த வாழையை?"

"வாசல்ல நிக்கறதை."

கலியமூர்த்தி வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு வார்த்தை நிறைய வந்தது. "பைத்தியமாய்யா உனக்கு? கல்யாண வீட்டு வாசல்ல மரத்தை வெட்டுவியா? அதுவும் அவங்க வந்து ஒக்காந்திருக்கறப்ப?"

"தாலி கட்டியாச்சுண்ணே. அதுக்கு இனிமே வேலை இல்ல. வாசல்ல வாழை இல்லேன்னா ஒரு நாளைக்குப் பேசுவாங்க. இலையில சோறு இல்லேன்னா பேசவே மாட்டாங்க. எது வேணும்னு நீங்க சொல்லுங்க."

என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். நிலத்தை விற்கச் சொன்ன மாதிரி முகம். "பின்பக்கமா இழுத்துட்டுப் போங்க" என்றார்.

சேகரும் ஆட்களும் மரத்தைச் சாய்த்துக் கொல்லைக்கு இழுத்தார்கள். மட்டையை உரித்துத் தண்டைச் சன்னமாக அரிந்து, நார் எடுத்து, உறைந்த தயிரில் போட்டுப் பச்சடி. அதற்கு அடுப்பே தேவையில்லை. தாரிலிருந்த காயை வேகவைத்து உதிர்த்துப் பொடிமாஸ். தாம்பூலப் பையிலிருந்து தேங்காயை உருவித் துருவிப் போட்டோம். தாளிக்கக் கொஞ்சம் நல்லெண்ணெய்.

"ஓடாத. நடந்து போய்ப் பரிமாறு" என்று சேகரிடம் சொன்னேன். "பச்சடி ரெண்டு தடவ. காய் ரெண்டு தடவ. பேரைக் கேளு, ஊரைக் கேளு. நான் சொல்ற வரைக்கும் சோத்தைக் கொண்டுபோகாத."

"பண்ணை வீட்டுக்காரரை ஊரு கேக்கவா மாஸ்டர்? இதே ஊருதானே?"

"பேத்தி எந்த ஊர்ல படிக்குதுன்னு கேளுடா!"

கேட்டான். அது ஆஸ்திரேலியாவில் படிக்கிறதாம். பெரியவர் ஆஸ்திரேலியாவை ஆரம்பித்தார். நல்ல பெரிய நாடு. இங்கே உலை கொதித்து, அரிசி வெந்து, வடித்து முடியும் வரைக்கும் அது முடியவில்லை. நடுவே இலையைப் பார்த்தார்.

"இது தண்டா? எங்க டாக்டர் இதைத் திங்கச் சொல்லித்தான் உசுரை எடுக்கறாரு. இன்னும் கொஞ்சம் போடு."

பிறகு ஆவி பறக்கச் சோறு போனது. பருப்புக்கு அளவாக நெய், தண்ணீர் காட்டாத சாம்பார், ரசம். கலியமூர்த்தி பந்திக்குப் பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். கட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவிழ்த்து, திரும்பக் கட்டினார். சேகர் மறுசோற்றைக் கொண்டுபோய்க் குனிந்தான்.

பெரியவர் இலைக்கு மேலே கையை விரித்தார். "போதும்ப்பா, போதும். இதுக்கு மேல எடம் இல்ல."

கலியமூர்த்தி பந்தல் துணியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்த பெரியவர் நின்றார். "வர்றப்ப இங்க வாழை மரம் பாத்த மாதிரி இருந்துச்சே கலியமூர்த்தி?"

கலியமூர்த்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் சொன்னேன், "நீங்க சாப்பிட்டது அதைத்தாங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார், வெறும் கயிறு தொங்கிய பந்தல்காலைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அடப்பாவிகளா, தோரணத்தை விட்டு வெச்சீங்களே!" கலியமூர்த்தியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டே கார் வரைக்கும் நடந்தார்.

இதற்குப் பிறகு நான் எந்தக் கல்யாண வீட்டிலும் எத்தனை பேர் வருவார்கள் என்று முதலில் கேட்டதில்லை. யார் எப்போதிருந்து தங்கியிருக்கிறார்கள், என்ன தின்றுகொண்டிருக்கிறார்கள் என்றுதான் கேட்டேன். தங்கியிருப்பவர்களுக்குப் பாமாயிலை நிறுத்தினேன். காலையில் இட்லி, சாயங்காலம் சுண்டல் என்று மாற்றினேன். கல்யாண வீட்டார் முறைத்தார்கள், கஞ்சன் என்றார்கள். பரவாயில்லை. மாஸ்டரின் வித்தையை நான் தூக்கி எறியவும் இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அது இன்றைக்கும் ஓடும். நாள் கணக்கில் தங்குகிற கல்யாணத்தில் அவரும் என்னைப் போல வாழை மரத்தைத்தான் தேடியிருப்பார்.

அன்றைக்குக் கடைசிப் பந்தியில் பரிமாறிய ஆட்களும் கலியமூர்த்தியும் நானும் உட்கார்ந்தோம் என்று சொல்ல ஆசை. நான் உட்காரவில்லை, கரண்டியோடு நின்றேன். கலியமூர்த்தி இரண்டு நாளாக டீயைத் தவிர ஒழுங்காக எதையும் சாப்பிடவில்லை என்று அமுதா வந்து போட்டுக்கொடுத்தாள். மாலையைக் கழற்றிவிட்டு அப்பா பக்கத்திலேயே அவளும் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு கரண்டி சோறு வைத்தேன். உடனே கலியமூர்த்தியின் கை இலைக்கு மேலே வந்தது.

"போதும் மாஸ்டர்."

"அண்ணே, இது வயித்துலேருந்து வர்ற சேதி இல்ல. பழக்கத்துல வர்றது. கையை எடுங்க."

"இல்ல மாஸ்டர், நெஜமாவே..."

"மூளைக்குச் சேதி போக நேரமாவும்னு உங்க பொண்ணுதான் சொன்னுச்சு. நான் நிக்கறேன். நீங்க மெதுவா சாப்பிடுங்க."

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்றாள் அமுதா. பிறகு அப்பாவின் கையைப் பார்த்தாள். "ஆனா நேரமாவும்தான். கையை எடுங்கப்பா."

எடுத்தார். ரசத்தை விட்டேன். பிசைந்து சாப்பிட்டார். தண்டுப் பச்சடியைப் போட்டேன். தன் வீட்டு வாசல் மரம் என்று தெரிந்தும் வழித்துச் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி சோறு, ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த கரண்டிக்கு, "கொஞ்சமா" என்றார். மோருக்குச் சோறு கொண்டுபோனபோது தலையை நிமிர்த்தி, என் முகத்தை நேராகப் பார்த்து, உள்ளங்கையை நன்றாக விரித்தார்.

"இப்பப் போதும்."

கரண்டியைக் கீழே வைத்தேன். என் வயிற்றில் எங்கோ ஒருவன் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது. பசித்தது. சேகரிடம் ஓர் இலை போடச் சொன்னேன்.